பெட்டி சாகவில்லை, முள்தான் தேய்ந்தது!

"கர்... கர்... கர்..."

பெட்டி பாடவில்லை. இருமுகிறது!

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில், திருநின்றவூருக்கு அடுத்த நிலையம் வேப்பம்பட்டு. காலை நேரத்தில் ஆவடி, அம்பத்தூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை அனுப்பி வைக்கும் ஊர். அந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பாட்டி. தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகன். மருமகள். பள்ளிக்கூடம் போகும் பேத்தி. கூடத்து மூலையில் ஒரு பழைய ரிக்கார்டு பெட்டி.

அது தாத்தா வாங்கிய பெட்டி. தாத்தா போய் விட்டார். பெட்டி இருக்கிறது. கூடவே ஒரு கட்டு இசைத்தட்டுகளும் இருக்கின்றன. அதில் எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டு உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-ம் ஆண்டில் வெளிவந்த வெங்கடேச சுப்ரபாதமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. மருமகள் சுப்ரபாதத் தட்டைப் போட்டார். சளி பிடித்த தொண்டை போலக் கரகரப்பு. கொஞ்ச நேரத்தில் முள் சறுக்கியது. பாட்டு நின்றது.

"அம்மா! இதை எடைக்குப் போட்டு விடலாம். பாட்டு வேண்டும் என்றால் செல்போனில் கேட்டுக் கொள்ளலாமே!" என்றார் மகன்.

பாட்டி பதில் பேசவில்லை. தட்டை எடுத்து உறையில் போட்டார்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர். கல்யாணம், காது குத்து, கோவில் திருவிழா என்று ஊர் ஊராக மைக் செட் கட்டியவர். புளிய மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, நாள் முழுக்கத் தட்டுப் போட்ட கை. பேத்தி ஓடிப் போய் அவரை அழைத்து வந்தாள்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டார். பெட்டியின் கையைத் தூக்கி, அதன் நுனியைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தம்பி! பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. நோய் தலையில் இருக்கிறது" என்றார்.

தலை என்றால் எது?

இசைத்தட்டின் மேல் நீண்டு வரும் கையின் நுனியில், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பொருள் இருக்கும். அதன் பெயர் கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு முள் இருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் பெட்டியின் தலை.

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கின்றன? நூறா? ஆயிரமா?

ஒன்றே ஒன்றுதான்! வெளி ஓரத்தில் தொடங்கி, கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றிச் சுற்றி உள்ளே போகும் ஒரே பள்ளக் கோடு அது. பாடகர் குரல் ஏறினாலும் இறங்கினாலும், அந்தக் கோடு அதற்கு ஏற்றபடி நெளிந்திருக்கும். முள் அந்த நெளிவில் ஓடும்போது ஆடும். அந்த ஆட்டத்தை மின்சாரமாக மாற்றுவதுதான் கார்ட்ரிட்ஜின் வேலை. அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்கினால் ஒலிபெருக்கியில் பாட்டாக வரும்.

ஆட்டம் எப்படி மின்சாரம் ஆகும்? அடுக்களைக்குப் போய்ப் பாருங்கள். காஸ் அடுப்பு பற்ற வைக்கும் லைட்டரை அழுத்தினால், 'டக்' என்று பொறி பறக்கிறது அல்லவா? அதற்குள் ஒரு சிறு கல் இருக்கிறது. அதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். சில படிகங்களுக்கு இந்தக் குணம் உண்டு என்று 1880-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டு பிடித்தார்கள். பழைய பெட்டிகளில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் இந்த முறையில் வேலை செய்வதுதான்.

இன்னொரு வகை, காந்தக் கார்ட்ரிட்ஜ். அது சைக்கிள் டைனமோவின் தம்பி! காந்தம் ஆட, கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும்.

உப்பு கரைந்தது!

"நேற்றுவரை பாடியது. இன்று ஏன் இருமுகிறது?" என்று கேட்டார் மகன்.

காரணம் இரண்டு என்றார் பெரியவர்.

முதல் காரணம் ஈரம். பழைய படிகக் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷெல் உப்பு. பிரான்ஸ் நாட்டில் லா ரோஷெல் என்ற ஊரில், 17-ம் நூற்றாண்டில் முதலில் செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் அதைப் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள்! அந்த உப்புக்கு ஈரமும் ஆகாது, வெப்பமும் ஆகாது. 55 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே அதன் குணம் கெட்டுப் போகும். சமையல் உப்பு மழைக் காலத்தில் கசிகிறதே, அதே கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையும் கடலோரக் காற்றும் பட்டுப் பட்டு, உள்ளே இருக்கும் உப்பு சிறிது சிறிதாகச் சாகும். பாட்டின் ஒலி குறையும். குரல் அடைக்கும்.

பிறகு வந்தவை பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜுகள். அவற்றை ஈரம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இரண்டாவது காரணம் தேய்மானம். ஒரு எல்.பி. தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒரு பக்கம் 20 நிமிஷம் ஓடினால், ஏறக்குறைய 667 சுற்று. அந்தக் கோட்டை நேராக இழுத்துப் பிடித்தால் எவ்வளவு நீளம் இருக்கும் தெரியுமா? சுமார் 430 மீட்டர்! 100 பக்கம் கேட்டால் 43 கிலோமீட்டர். அதாவது, சென்ட்ரலில் புறப்பட்ட முள் திருவள்ளூருக்கே போய்ச் சேர்ந்து விடும். செருப்பு தேயாதா?

அதனால்தான் முள்ளுக்கு ரத்தினக் கல் வைத்தார்கள். ஒன்று நீலக்கல். இன்னொன்று வைரம். ஆமாம், பாட்டுப் பெட்டியின் மூக்கிலும் வைர மூக்குத்தி உண்டு! நீலக்கல் முள் 50 முதல் 100 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. வைர முள் 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும். தினம் ஒரு பக்கம் 20 நிமிஷம் கேட்டால், நீலக்கல் முள்ளின் ஆயுள் ஒரு வருஷத்துக்குள் முடிந்து விடும்.

தாத்தா போன பிறகு இந்த வீட்டில் முள் மாற்றவே இல்லை!

ஒரு ரூபாய் செய்த வேலை

பெரியவர் கிட்டப்பாவின் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நடுவில் ஓர் இடம் மட்டும் சாம்பல் நிறமாகப் பூத்திருந்தது.

"இது என்ன தம்பி?"

மகன் தலையைச் சொறிந்தார். "போன மாதம் முள் துள்ளிக் கொண்டே இருந்தது தாத்தா. துள்ளாமல் இருக்கத் தலையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன்" என்றார்.

பலரும் செய்கிற தவறு இது. ஒரு ரூபாய் நாணயத்தின் எடை ஏறக்குறைய 4 கிராம். 'நாலு கிராம்தானே!' என்று நினைக்கலாம். ஆனால், முள்ளின் முனை எத்தனை சிறியது! எல்.பி. தட்டுக்கு உரிய முள்ளின் முனை, தலைமுடியைவிட மெல்லியது. உள்ளங்கையால் அழுத்தினால் பலகையில் தடம் விழாது. அதே பலத்தை ஆணி முனையில் கொடுத்தால் துளை விழும். சில கிராம் எடைதான் என்றாலும், அந்தச் சிறு முனையின் கீழே கோட்டுச் சுவரில் விழும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் ஆகிறது. முனை உருண்டையாக இருக்கும் வரையில் தட்டு தாங்கும். தேய்ந்து தட்டையாகி விட்டால் அது முள் இல்லை. உளி!

உளி செதுக்கியது திரும்பி வராது. முள் போனால் வேறு முள் வாங்கலாம். கார்ட்ரிட்ஜ் போனால் வேறு கார்ட்ரிட்ஜ் வாங்கலாம். தட்டில் இருக்கும் குரலை எங்கே வாங்குவது?

கிட்டப்பா 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 27. நாடக மேடையில் கூட்டத்தைக் கட்டிப் போட்ட அந்தக் குரலை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவை இசைத்தட்டுகள்தான். இன்று செல்போனில் வரும் கிட்டப்பா பாட்டும், யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்த தட்டிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அந்தத் தட்டையும் ஒருவர் உளியால் உழுதிருந்தால்?

மகன் நாணயத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டார்.

இரண்டு தட்டு, இரண்டு முள்

இன்னொரு தவறும் நடந்திருந்தது. பழைய 78 தட்டு வேறு, எல்.பி. தட்டு வேறு. நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. மரக் கிளையில் பூச்சி சுரக்கும் அரக்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. அந்தத் தட்டின் கோடு அகலம். எல்.பி. தட்டு 1948-ம் ஆண்டில் அமெரிக்காவில் வந்தது. அது வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. கோடு மிகவும் நுணுக்கம்.

78 தட்டுக்கு வேண்டிய முள், எல்.பி. முள்ளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருமன். பருத்த முள்ளை எல்.பி. தட்டில் போட்டால், கோட்டுக்குள் இறங்காமல் மேல் சுவரை அரைத்துத் தள்ளும். மெல்லிய முள்ளை 78 தட்டில் போட்டால், கோட்டின் அடியில் கிடந்து 'சர்ர்' என்று இரையும்.

பழைய பெட்டிகள் பலவற்றில் தலையில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் 78 என்றும், மறு பக்கம் எல்.பி. என்றும் குறித்திருக்கும். தட்டை மாற்றும்போது அதையும் திருப்ப வேண்டும். இந்த வீட்டில் அதை யாரும் திருப்பியதே இல்லை!

துடைப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். எல்.பி. தட்டைத் துடைக்க ஸ்பிரிட் கலந்த நீரைச் சிலர் பயன்படுத்துவார்கள். அதை மறந்தும் 78 தட்டில் தடவக் கூடாது. மேஜைக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கேளுங்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அவர் பாலிஷ் செய்கிறார். தட்டும் அப்படியே கரையும்!

எது கெட்டது என்று கண்டு பிடிப்பது எப்படி?

பெட்டி இருமினால் உடனே கடைக்கு ஓட வேண்டாம்.

முதலில் முள்ளைப் பாருங்கள். தூசி பந்து போலத் திரண்டிருக்கலாம். மெல்லிய தூரிகையால், பின்னாலிருந்து முன்னால் வரும்படி மெதுவாகத் தள்ளுங்கள். பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. விரலால் தொடக் கூடாது. பல பெட்டிகளின் இருமல் இதிலேயே நின்று விடும்.

அடுத்து, பூதக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முள் தாங்கி வளைந்திருக்கிறதா? முனை சாய்ந்திருக்கிறதா? அப்படியானால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலான கார்ட்ரிட்ஜுகளில் முள்ளை மட்டும் தனியாகக் கழற்றலாம்.

இரண்டு ஒலிபெருக்கி உள்ள ஸ்டீரியோ பெட்டி என்றால், ஒரு பக்கம் மட்டும் ஊமையாவது உண்டு. அதற்கு ஒரு சோதனை. பெட்டியை நிறுத்திவிட்டு, கார்ட்ரிட்ஜில் மாட்டியிருக்கும் இடப் பக்க ஜோடிக் கம்பிகளையும் வலப் பக்க ஜோடிக் கம்பிகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். மறுபடி தட்டுப் போடுங்கள். ஊமை அடுத்த ஒலிபெருக்கிக்குத் தாவி விட்டதா? குற்றவாளி கார்ட்ரிட்ஜ்தான். ஊமை இருந்த இடத்திலேயே இருக்கிறதா? கார்ட்ரிட்ஜ் நிரபராதி. கம்பியிலோ பெட்டியிலோ கோளாறு.

இந்த வீட்டுப் பெட்டியில் முள்ளும் வளைந்திருந்தது. உப்பும் செத்திருந்தது. கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார் பெரியவர்.

எதை வாங்குவது?

வேப்பம்பட்டில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். மின்சார ரயில் நிற்கும் அந்த நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். பழைய புத்தகமும் பழைய இசைத்தட்டும் மலைபோலக் குவிந்து கிடந்த மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது. 1985-ம் ஆண்டில் அது தீயில் எரிந்து போயிற்று. இன்று மின்னணுச் சாமான் தேடுகிறவர்கள் அண்ணா சாலை அருகே ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள்.

எங்கே வாங்கினாலும், பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது படிகமா, பீங்கானா, காந்தமா?"

ஏன் கேட்க வேண்டும்? படிகம், பீங்கான் வகைகள் ஏறக்குறைய அரை வோல்ட் அளவு மின்சாரம் தரும். காந்த வகை தருவது அதில் நூறில் ஒரு பங்கு. பழைய பெட்டியில் காந்தக் கார்ட்ரிட்ஜை அப்படியே மாட்டினால், பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். அதற்குத் தனியாக ஒரு சிறு பெருக்கி வேண்டும். ஆகவே, படிகம் இருந்த இடத்துக்குப் பீங்கான்தான் பொருத்தம்.

'பிரிக்காத பழைய சரக்கு' என்று படிகக் கார்ட்ரிட்ஜ் கொடுத்தால் ஏமாற வேண்டாம். டப்பாவுக்குள் இருந்தாலும் உப்பு சாகும். போட்டுக் காட்டச் சொல்லி, கேட்டு வாங்க வேண்டும்.

பேர் பெற்ற அமெரிக்க நிறுவனமான ஷூர், 2018-ம் ஆண்டில் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்தி விட்டது. அதனால் அந்தக் கார்ட்ரிட்ஜுகள் எல்லாம் குப்பைக்குப் போய் விட்டனவா? இல்லை. 1873-ம் ஆண்டில் தையல் ஊசி செய்யத் தொடங்கிய ஜப்பானிய நிறுவனம் ஒன்று, அவற்றுக்கு மாற்று முள் செய்து விற்கிறது. கேட்கிறவர்கள் இருப்பதால்தானே செய்கிறார்கள்! அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில், 1987-க்குப் பிறகு முதல் முறையாக, குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன.

மாட்டுவது எப்படி?

மறு ஞாயிறு. பீங்கான் கார்ட்ரிட்ஜ் வந்து விட்டது. பெரியவர் சொல்லச் சொல்ல, மகனே மாட்டினார்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கையைக் கொக்கியில் பூட்டினார். கையின் அச்சிலிருந்து பழைய முள் முனைவரை எவ்வளவு நீளம் என்று அளந்து, பேத்தியின் நோட்டில் எழுதினார். புதிய முள்ளும் அதே நீளத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கோட்டில் கோணலாக ஓடும்.

எந்தக் கம்பி எந்தக் காலில் இருக்கிறது என்று படம் வரைந்து கொண்டார். பழைய பெட்டி ஆனதால் இதில் இரண்டே கம்பி. ஸ்டீரியோ என்றால் நாலு இருக்கும். பொதுவாக வெள்ளையும் நீலமும் இடப் பக்கம். சிவப்பும் பச்சையும் வலப் பக்கம். கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் நுனியில் இருக்கும் கிளிப்பைச் சிறு குறடால் பிடித்துக் கழற்றினார்.

கிளிப் ஒன்று இற்றுப் போயிருந்தது. மகன் சூட்டுக்கோலை எடுத்தார்.

"நில்லுங்கள் தம்பி! கிளிப்பைத் தனியாக எடுத்து ஈயம் பற்ற வையுங்கள். கார்ட்ரிட்ஜின் காலில் சூட்டுக்கோல் பட்டால், புதிது என்றும் பார்க்காது. உள்ளே இருப்பது பாழ்!" என்று தடுத்தார் பெரியவர்.

முள்ளின் மேல் மூடி இருந்தபடியே இரண்டு திருகாணிகளையும் மாட்டினார். கார்ட்ரிட்ஜ் ஆடாமல் இருந்தால் போதும். முறுக்கி இறுக்கினால் கூடு விரிந்து விடும். முன்னாலிருந்து பார்த்தார். தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.

கடைசியாக எடை. நகைக் கடையில் இருப்பது போன்ற சிறு மின்னணுத் தராசின் மேல் முள்ளை மெதுவாக இறக்கினார்கள். கார்ட்ரிட்ஜைச் செய்தவர் எத்தனை கிராம் சொல்லியிருக்கிறாரோ, அத்தனை கிராம் காட்ட வேண்டும். கூடினாலும் கெடுதல். மிகவும் குறைந்தாலும் கெடுதல். குறைந்தால் முள் கோட்டில் உட்காராமல் துள்ளித் துள்ளிச் சுவரை உடைக்கும்.

பாட்டு வந்தது!

முதலில் சுப்ரபாதம். நெம்புகோல் எல்.பி. பக்கம். கரகரப்பு இல்லை. விடியற்காலை வாசல் தெளித்தது போலக் குரல் வந்தது. மருமகள் அடுக்களையை விட்டு வெளியே வந்து நின்றார்.

அடுத்து கிட்டப்பா. பேத்தி நெம்புகோலை 78 பக்கம் திருப்பினாள். தட்டு சுழன்றது. குரல் எழுந்தது. பாட்டியின் கை தொடையில் தாளம் போட்டது.

நடுவில் அந்தச் சாம்பல் நிற இடம் வந்தது. 'டர்ர்' என்று ஓர் இரைச்சல். ஓர் அடி முழுக்கக் கேட்கவில்லை. புது முள்ளாலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

மகன் தலை குனிந்தார். ஆனால், பாட்டி நிறுத்தவில்லை. கேட்காமல் போன அடியைத் தானே பாடினார். இரைச்சல் முடிந்ததும் கிட்டப்பா தொடர்ந்தார்.

அன்று சாயங்காலம் பேத்தி ஒரு காகிதத்தில், 'முள் மாற்றிய தேதி' என்று எழுதினாள். அதன் கீழே தேதியையும் போட்டாள். 'காசு வைக்கக் கூடாது' என்று இன்னொரு வரியும் சேர்த்தாள். பெட்டி மூடியின் உள் பக்கத்தில் அதை ஒட்டி வைத்தாள்.